மலைச்சரிவில் ஐந்து ஊசிக் குறிகாட்டி: 18 மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

கப்பிகள் பூட்டிய கொம்பவுண்ட் வில்லுக்குக் குறிகாட்டி (குறிபார்க்க வில்லில் பூட்டும் கருவி) வாங்குகிறவர்கள் பெரும்பாலும் மூன்றைப் பார்க்கிறார்கள்: ஊசிகள் எத்தனை, அவை எவ்வளவு பிரகாசமாகத் தெரிகின்றன, விலை என்ன. நானும் அப்படித்தான் பார்த்தேன். ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில், விளையாட்டு மைதானத்தைத் தவிரச் சமதரை என்று காட்ட வேறு இடம் இல்லாத ஒரு தோட்டத்தில் 18 மாதங்கள் இதைப் பயன்படுத்திய பிறகு, மலைநாட்டில் வாழ்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இந்த மூன்றுமல்ல என்பதை உறுதியாகச் சொல்வேன். குறிகாட்டியின் மூன்றாம் அச்சைத் திருத்த வழி இருக்கிறதா என்பதே அந்தக் கேள்வி. அது என்னவென்று பின்னர் விரிவாக எழுதுகிறேன். முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இது வட அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்களை எண்ணிச் செய்யப்பட்ட நடுத்தர விலைக் குறிகாட்டி. ஒன்ராறியோவில் வசிக்கும் என் மச்சான், அங்கே முறைப்படி உரிமம் பெற்று வெண்வால் மான் வேட்டைக்குச் செல்பவர். ஒரே மாதிரியான இரண்டை வாங்கி, ஒன்றைத் தன் வில்லில் பொருத்திக்கொண்டு, மற்றதை விடுமுறையில் வந்தபோது எனக்குக் கொடுத்தார். நான் வேட்டையாடுவதில்லை. மரையும் மானும் நம் நாட்டில் 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் காக்கப்படுகின்றன; பன்றிக்கென்று கட்டிய கம்பிச் சுருக்கில் சிறுத்தை மாட்டி இறக்கும் செய்திகளை வேதனையோடு கேட்கும் மலைப்பகுதி எங்களுடையது. ஆகவே என் அம்புகள் உரச்சாக்கில் பழைய துணியை இறுக்கித் திணித்துச் செய்த இலக்குக்கு மட்டுமே போகின்றன. ஆயினும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கும் பள்ளத்திலிருந்து மேட்டுக்கும் எய்யும் பயிற்சிதான் எனக்கு வாய்த்தது என்பதால், வேட்டைக்கான குறிகாட்டியே எனக்கும் பொருந்தியது. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. இங்கே சொல்லும் நிறையும் குறையும் இந்த விலையில் வரும் இவ்வகைக் குறிகாட்டிகளை வாங்க நினைப்போர் எவருக்கும் பயன்பட வேண்டும் என்பதே என் எண்ணம்.

பெட்டிக்குள் இருப்பவை இவை: வில்லின் நடுத்தண்டில் இரண்டு திருகாணிகளால் பூட்டும் அலுமினியத் தாங்கி, அதன் முனையில் வட்டமான வளையம், வளையத்துக்குள் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒவ்வொரு தூரத்துக்கும் ஒன்றாகக் குறிபார்க்க 5 ஊசிகள், வளையத்தின் அடியில் பச்சைத் திரவம் நிறைந்த நீர்மட்டக் குழாய். ஒவ்வோர் ஊசியின் நுனியிலும் 0.019 அங்குல விட்டமுள்ள ஒளியிழை இருக்கிறது. 0.010 அங்குல ஊசிகளும் 0.029 அங்குல ஊசிகளும் சந்தையில் உண்டு. மெல்லியது தூர இலக்கை மறைக்காது, ஆனால் மங்கிய வெளிச்சத்தில் கண்ணுக்குப் பிடிபடாது. தடித்தது நன்றாகத் தெரியும், ஆனால் 50 மீற்றரில் இலக்கின் நடுவட்டத்தையே மூடிவிடும். பனிமூட்டமும் மாலை மழையும் வழக்கமான எங்கள் ஊருக்கு இடைப்பட்ட அளவே ஏற்றது என்பதை இரண்டு பருவங்களிலும் பார்த்துவிட்டேன்.

பொருத்தத் தொடங்கிய முதல் நாளே ஒரு தடை வந்தது. திருகாணிகள் எல்லாம் அங்குல அளவில் செய்யப்பட்டவை. ஹட்டன் இரும்புக் கடைகளில் நான் தேடியபோது கிடைத்த அலன் கீ தொகுதிகளோ மில்லிமீற்றர் அளவுகள். 3/32 அங்குலம் என்பது 2.38 மில்லிமீற்றர், 2.5 மில்லிமீற்றர்க் கீ உள்ளே போகாது, 2 மில்லிமீற்றர்க் கீ உள்ளே சுழன்று திருகாணியின் அறுகோணத்தைத் தேய்த்துவிடும். அவசரப்பட்டு ஒரு திருகாணியை அப்படித்தான் கெடுத்தேன். பெட்டியில் நிறுவனம் வைத்திருந்த கீ ஒன்றே ஒன்று, அதுவும் எல்லாத் திருகாணிகளுக்கும் பொருந்தவில்லை. வெளிநாட்டிலிருந்து இத்தகைய பொருளைத் தருவிப்பவர்கள் அங்குல அளவுக் கீ தொகுதி ஒன்றையும் சேர்த்தே தருவிக்க வேண்டும். மச்சான் பிறகு அனுப்பியது வந்துசேரும்வரை ஐந்து வாரங்கள் வில் சுவரில் தொங்கியது.

குறிகாட்டியைத் தொடும் முன்பே வில் சரியாக இருக்க வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. அம்பு தாங்கி, அம்பு நாணின் நேர்கோட்டில் செல்லும்படி நடுத்தண்டிலிருந்து பொதுவாக 13/16 அங்குலம் தள்ளி நிற்க வேண்டும். நாணில் கட்டிய பீப் துளை (ஊசியைப் பார்க்கும் சிறு வட்டத் துளை), கண்ணை மூடி வில்லை இழுத்துப் பிடித்துத் திறந்தவுடன் தலையை அசைக்காமலே கண்ணுக்கு நேரே வர வேண்டும்; பீப்பின் வட்டத்துக்குள் குறிகாட்டியின் வளையம் இடைவெளி விடாமல் அடங்க வேண்டும். கொம்பவுண்ட் வில் இத்தனை நுணுக்கத்துக்கு இடம் தருவதன் காரணம் அதன் கப்பிகள். மிசூரியைச் சேர்ந்த ஹொலிஸ் வில்பர் அலன் 1969இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பில், முழுதாக இழுத்த பின் சுமை பெருமளவு குறைந்துவிடுகிறது. என் 50 இறாத்தல் வில்லில் நான்கில் மூன்று பங்கு குறைந்து, சுமார் 12 இறாத்தலே கையில் நிற்கிறது. அதனால்தான் ஊசியைப் பார்க்கவும், நீர்மட்டக் குழாயின் குமிழியைப் பார்க்கவும், மூச்சை அடக்கவும் நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தில் கண் பார்க்கும் குமிழி உண்மையைச் சொல்ல வேண்டும்.

சமதரையில் ஊசிகளை அமைக்கும் வேலை எளிது. மைதானத்தின் ஓரத்தில், பின்னால் உயர்ந்த மண்மேடு இருக்கும் இடத்தில் சாக்கு இலக்கை வைத்து, முதலில் 5 மீற்றரிலிருந்து எய்து அம்பு இலக்குக்குள் விழுவதை உறுதிசெய்துகொண்டு, பிறகு 20 மீற்றருக்குப் பின்வாங்கினேன். விதி ஒன்றுதான்: அம்பு போன திசைக்கே ஊசியை நகர்த்த வேண்டும். அம்புகள் இடப்பக்கம் விழுந்தால் ஊசியை இடப்பக்கம், மேலே விழுந்தால் ஊசியை மேலே. புதியவர்கள் பலருக்கு மனம் எதிர்த்திசையைத்தான் சொல்லும். ஓர் அம்பை வைத்து முடிவு செய்யக் கூடாது. நான்கைந்து அம்புகள் விழுந்த தொகுதியின் நடுவைப் பார்த்தே நகர்த்த வேண்டும். முதல் ஊசிக்கு வளையம் முழுவதையும் நகர்த்தி, அடுத்தவற்றுக்கு ஊசிகளைத் தனித்தனியே நகர்த்துவது முறை.

இந்தக் குறிகாட்டியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இங்கே வருகிறது. வளையத்தை இடம்வலமாகவும் மேல்கீழாகவும் நகர்த்தும் இரண்டு குமிழ்களும் கருவி இல்லாமல் விரலாலேயே, ‘டிக்’ ‘டிக்’ என்று படிப்படியாகத் திரும்புகின்றன. என் கண்ணிலிருந்து ஊசிக்குள்ள தூரம் ஏறத்தாழ 85 சென்ரிமீற்றர். அந்தக் கணக்கில், ஊசி 1 மில்லிமீற்றர் நகர்ந்தால் அம்பு விழும் இடம் 20 மீற்றரில் 2 சென்ரிமீற்றருக்கு மேலும், 40 மீற்றரில் கிட்டத்தட்ட 5 சென்ரிமீற்றரும் நகர்கிறது. இத்தகைய நுண்மையைத் திருகாணியைத் தளர்த்திக் கையால் தள்ளிப் பெறவே முடியாது. இதற்கு முன் நான் வைத்திருந்த மலிவான மூன்று ஊசிக் குறிகாட்டியில் ஒவ்வொரு முறையும் திருகாணியை இறுக்கும்போதே வளையம் மயிரிழை நகர்ந்துவிடும். ஒரு மாலை முழுவதும் அதோடு போராடியிருக்கிறேன். ஆனால் தனித்தனி ஊசிகளை நகர்த்த இதிலும் கீ கொண்டு தளர்த்தித் தள்ளத்தான் வேண்டும். வளையத்துக்குச் செலவழித்த அக்கறையில் பாதியையாவது ஊசிகளுக்கும் நிறுவனம் செலவழித்திருக்கலாம்.

அட்டைப் பெட்டியில் 20, 30, 40, 50, 60 யார் (கெஜம்) என்று அச்சிட்டிருந்தார்கள். நான் மீற்றரில் 20, 30, 40, 50 என்று நான்கை மட்டும் அமைத்தேன். உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் வெளிக்களப் போட்டிகளில் கொம்பவுண்ட் வில்லுக்கு 50 மீற்றர்த் தூரமும் 80 சென்ரிமீற்றர் இலக்குத் தாளும் விதிக்கப்பட்டிருப்பதால், அந்தத் தூரத்துக்கு ஓர் ஊசி வேண்டும். அதற்கு மேல் என் வில்லுக்கு வலுவில்லை. விளம்பரங்களில் காணும் வேகங்கள் 70 இறாத்தல் வில்லை 30 அங்குலம் இழுத்து 350 கிரெய்ன் எடையுள்ள அம்பை எய்து அளந்தவை. 27 அங்குலம் இழுக்கும் என் 50 இறாத்தல் வில்லில் அந்த வேகம் வராது. வேகம் குறைந்தால் ஊசிகளுக்கு இடையிலான இடைவெளி கூடும். ஐந்தாவது ஊசி நீர்மட்டக் குழாயை முட்டும் அளவுக்குக் கீழே போய்விட்டது. அதைக் கழற்றி வைத்துவிட்டேன். வளையத்துக்குள் காட்சி துப்புரவானதும் கண் ஊசியை மாற்றிப் பிடிக்கும் தவறு நின்றது.

மைதானத்தில் எல்லாம் சரியாக அமைந்தது. 40 மீற்றரில் என் நான்கு அம்புகளையும் ஒரு தேநீர்த் தட்டால் மூடிவிடலாம் என்ற நிலைக்கு வந்த பிறகு, சரிவுக்குப் போனேன். மூன்றாம் நம்பர் மலையின் கோடியில், கைவிடப்பட்ட பழைய நாற்றுமேடை இருக்கிறது. மூன்று பக்கமும் உயரமான மண்வெட்டு, ஆள் நடமாட்டம் இல்லை, குறுக்கே பாதை இல்லை. கொழுந்து பறிக்கும் மலைக்கு மேலாக ஒருபோதும் எய்யக் கூடாது. கைதவறிய அம்பு இருநூறு மீற்றருக்கும் அப்பால் போகும். இடத்தைத் தேர்ந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே, காவலுக்கு ஒருவரை மேலே நிறுத்திவிட்டே எய்தேன்.

மேட்டிலிருந்து கீழே 25 பாகை சரிவில், 40 மீற்றர்த் தூரத்தில் எய்த அம்புகள் அனைத்தும் இலக்கின் நடுவுக்கு இடப்பக்கம் நான்கு விரற்கடை தள்ளி விழுந்தன. காற்று என்று நினைத்தேன். இடத்தை மாற்றி, பள்ளத்திலிருந்து மேல்நோக்கி எய்தபோது அதே அளவு வலப்பக்கம் தள்ளி விழுந்தன. குமிழி இரண்டு முறையும் நட்டநடுவில்தான் நின்றது. மைதானத்துக்குத் திரும்பி எய்தால் நடுவட்டத்தில் விழுகின்றன. பிடி சரியில்லை என்று என்னையே குறை சொல்லிக்கொண்டு மூன்று வாரங்கள் கழித்தேன். என்னிடம் இருந்த தவறு பிடியில் இல்லை, குமிழியை நம்பியதில் இருந்தது.

காரணத்தை விளக்குகிறேன், ஏனெனில் இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் மலைநாட்டில் எவரும் குறிகாட்டி வாங்கக் கூடாது. வளையத்துக்கு மூன்று அச்சுகள் உண்டு. முதலாவது, குறிகாட்டியின் நெடுக்குத் தண்டு வில்லோடு இணையாக நிற்பது. இரண்டாவது, வில் செங்குத்தாக நிற்கும்போது குமிழி நடுவில் நிற்பது. இந்த இரண்டையும் வாங்கிய கடையிலேயே சரிபார்த்துவிடுவார்கள். மூன்றாவது, வளையம் ஒரு கதவு கீலில் ஆடுவதுபோல எய்பவரின் பக்கமோ இலக்கின் பக்கமோ திரும்பியிருக்கிறதா என்பது. நீர்மட்டக் குழாய் அம்பின் பாதைக்குச் சரியாகக் குறுக்கே கிடக்க வேண்டும். அதன் வலது முனை இலக்கின் பக்கம் சற்றுத் திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்பு கிடைமட்டமாக இருக்கும்வரை இரு முனைகளும் ஒரே உயரத்தில் இருப்பதால் குமிழி நடுவில் நின்று, எல்லாம் சரி என்று காட்டும். வில்லைப் பள்ளத்தை நோக்கிச் சாய்த்தவுடன், இலக்கின் பக்கம் நீண்டிருக்கும் வலது முனை தாழ்ந்துவிடும்; குமிழி இடப்பக்கம் ஓடும். வில் நேராகத்தான் இருக்கிறது, ஆனால் குமிழி சாய்ந்திருக்கிறது என்கிறது. அதை நம்பி நாம் வில்லின் தலையை இடப்பக்கம் சாய்த்துக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவருகிறோம். அம்பு இடப்பக்கம் போகிறது. மேல்நோக்கி எய்யும்போது இதே தவறு எதிர்த்திசையில் நிகழ்கிறது.

என் குறிகாட்டியில் வளையத்தின் வலது ஓரம் இடது ஓரத்தைவிட நான்கு மில்லிமீற்றர் முன்னே நின்றது. பார்வைக்கு ஒன்றுமே தெரியாது. கணக்கில் அது 5 பாகை. தொழிற்சாலையிலிருந்து அப்படி வந்ததா, பயணத்தில் திரும்பியதா என்பதைப் பற்றி நான் முடிவு சொல்லப் போவதில்லை. ஆனால் மச்சானின் குறிகாட்டியைப் பொருத்திக் கொடுத்த கடையில், உள்ளரங்கில் 20 யார் தூரத்தில் சமதரையில் மட்டும் சரிபார்த்துக் கொடுத்தார்கள் என்பதையும், கையேட்டில் மூன்றாம் அச்சுக்கு மூன்றே வரிகள்தாம் ஒதுக்கப்பட்டிருந்தன என்பதையும் குறிப்பிட வேண்டும். சமவெளியில் வாழ்பவருக்கு அந்த மூன்று வரிகளும் தேவைப்படாமலே போகலாம்.

திருத்தும் வழியை எனக்குக் காட்டியது கையேடு அல்ல, எங்கள் தோட்டத்துக் கோவிலில் மதில் கட்டிக்கொண்டிருந்த மேசன் அண்ணன். வில்லை எடுத்துக்கொண்டு போய், இதை மட்டம் பார்க்க முடியுமா என்று கேட்டேன். குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, மட்டம் தரையில சரியா இருந்தா மட்டும் போதாது, தூக்குலயும் பார்க்கணும்” என்று சொல்லித் தன் தூக்குக்குண்டைக் கையில் கொடுத்தார். அவர் மதிலைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் மூன்றாம் அச்சைச் சரிபார்க்கும் முறையும் அதுவேதான்.

நாற்றுமேடையின் மண்வெட்டுக்கு முன்னால் நிற்கும் சவுக்கு மரத்தின் கிளையில், நாலு மீற்றர் உயரத்திலிருந்து வெள்ளை நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். அதிலிருந்து மூன்றரை மீற்றர் தள்ளி நின்றால், நூலின் அடிப்பகுதி கண்ணுக்கு ஏறத்தாழ 25 பாகை கீழேயும், மேற்பகுதி 25 பாகை மேலேயும் இருக்கும். வில்லை முழுதாக இழுத்து, ஊசிகளின் வரிசையை நூலோடு ஒட்டிப் பிடித்து, அடியைப் பார்க்கும்போதும் தலையைப் பார்க்கும்போதும் குமிழி எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு இடத்திலும் நடுவில் நின்றால் மூன்றாம் அச்சு சரி. நிற்காவிட்டால் வில்லை இறக்கி, அதற்குரிய திருகாணியைத் தளர்த்தி, வளையத்தை மயிரளவு திருப்பி, மறுபடி பார்க்க வேண்டும். எனக்கு ஏழு முறை ஆயிற்று.

இதில் இரண்டு எச்சரிக்கைகள். அம்பு பூட்டாமல் வில்லை ஒருபோதும் இழுக்கக் கூடாது. தவறி, நாணைப் பிடித்து விடுவிக்கும் ரிலீஸ் கருவி தட்டிவிட்டால் அம்பில்லாத வில் தன் விசையாலேயே உடைந்து சிதறும். ஆகவே அம்பைப் பூட்டி, முன்னால் அம்பை விழுங்கும் மண்மேடு இருக்கும் இடத்தில், விசையில் விரல் வைக்காமல் செய்ய வேண்டும். கல்லுடைக்கும் குழியின் பாறைச் சுவர் இதற்கு ஆகாது, அம்பு தெறிக்கும். அடுத்தது, வில்லைப் பட்டறைப் பிடியில் பூட்டி இழுக்காமல் பார்க்கும் முறையும் உண்டு, அது விரைவானது. ஆனால் முழுதாக இழுக்கும்போது கேபிள்களின் பக்க விசையால் நடுத்தண்டு சற்றே முறுகுவதால், பட்டறையில் சரியாக இருந்தது கையில் மாறக்கூடும். பட்டறையில் தொடங்கி, கையில் முடிப்பதே நல்லது.

இந்தக் குறிகாட்டியின் பெருமை, அந்தத் திருகாணி அதில் இருக்கிறது என்பதுதான். என் பழைய மூன்று ஊசிக் குறிகாட்டியில் அது இல்லை. தவறு இருந்தால் இருந்ததுதான். திருத்திய மறுநாள் அதே சரிவில் எய்தபோது, நான்கு விரற்கடைப் பிசகு மறைந்து அம்புகள் நடுக்கோட்டுக்கு வந்தன. ஆனால் திருகாணியை இறுக்கும்போது வளையம் சற்றே இழுபடுகிறது, அளவு காட்டும் கோடுகளும் செதுக்கப்படவில்லை. மூன்றாம் அச்சுக்கும் நுண்குமிழ் வைத்த குறிகாட்டிகள் உண்டு, அவற்றின் விலை இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அடிக்கடி மாற்றும் அமைப்பு அல்ல என்பதால், இந்தக் குறையோடு என்னால் வாழ முடிகிறது.

இடம்வலம் சரியான பிறகு மேல்கீழ் கணக்கு எஞ்சியது. சரிவில் மேலே எய்தாலும் கீழே எய்தாலும் அம்பு எதிர்பார்த்ததைவிட உயரத்தில்தான் விழும், ஏனெனில் புவியீர்ப்பு அம்பைத் தாழ்த்துவது கிடைத்தூரத்தைப் பொறுத்தது, கண் பார்க்கும் சாய்தூரத்தைப் பொறுத்ததன்று. 25 பாகை சரிவில் 40 மீற்றர் என்பது கிடையில் 36 மீற்றர் சொச்சம். 40 மீற்றர் ஊசியை வைத்து எய்தால் என் வில்லில் அம்பு சுமார் 15 சென்ரிமீற்றர் உயரே போகிறது. சாய்வைக் கணித்துச் சொல்லும் லேசர்த் தூரமானிகள் உள்ளன. ஆனால் எங்கள் ஊர்ப் பனிமூட்டத்தில் லேசர் இலக்கைத் தொடாமல் பனியிலேயே பட்டுத் திரும்பிப் பிழையான எண்ணைக் காட்டிவிடுகிறது. எனக்குக் கைகொடுத்தது தேயிலையேதான். வீ.பி. தேயிலை (விதையில்லாமல் வெட்டுத்துண்டிலிருந்து வளர்த்த கன்று) சமவுயரக் கோட்டில், வரிசைக்கு வரிசை 4 அடி இடைவெளியில் நடப்படுவது வழக்கம். பத்து வரிசை என்றால் 12 மீற்றர். நாற்றுமேடைக்குப் பக்கத்து மலையில் வரிசைகளை எண்ணிப் பழகிய கண்ணுக்குத் தூரம் தானாகவே பிடிபடுகிறது. பழைய விதைத் தேயிலை மலையில் இந்தக் கணக்கு செல்லாது.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒளியிழைகள் சுற்றுப்புற ஒளியை வாங்கி நுனியில் தருபவை. இழை நீளமாக இருந்தால் நுனி பிரகாசிக்கும். இதில் இழையை வளையத்தைச் சுற்றிப் பல முறை சுற்றி, ஒளிபுகும் மூடியால் காத்திருக்கிறார்கள். காலைப் பனியிலும் நுனி தெளிவாகத் தெரிகிறது. பச்சை ஊசியே கண்ணுக்கு மிகவும் ஏற்றது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். பச்சைத் தேயிலையின் மேல் பச்சைப் புள்ளி கரைந்துபோகிறது என்பது என் அனுபவம். அந்தி நேரத்தில் சிவப்பு முதலில் மங்குகிறது. எனக்கு மஞ்சளே கடைசிவரை துணை நின்றது. மஞ்சள் ஊசியை 30 மீற்றருக்கு மாற்றி வைத்துக்கொண்டேன். பெட்டியில் வந்த பற்றரி விளக்கை நான் பயன்படுத்துவதில்லை. வேட்டைக்குப் போகிறவர்கள் தங்கள் இடத்து விதி வில்லில் மின்விளக்கை அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டே பொருத்த வேண்டும். பீப் துளையை 3/16 அங்குலத்திலிருந்து 1/4 அங்குலத்துக்கு மாற்றியது இந்த விளக்கைவிட அதிகம் உதவியது. துல்லியம் சிறிது குறைந்தாலும், மாலை ஐந்தரைக்கும் இலக்கு தெரிகிறது.

மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை அலுமினியத்தை ஒன்றும் செய்யவில்லை. திருகாணிகள் துருப்பிடித்தன. நான்காம் மாதமே இரண்டில் செம்பொட்டு படிந்தது. கழற்றித் துடைத்து எண்ணெய் தொட்டு வைக்காவிட்டால் இறுகிப்போகும். எய்யும் அதிர்வில் தளர்வதும் உண்டு. மையத் திருகாணிகளுக்கு தளராமல் பிடிக்கும் நீல நிற லொக்டைட் பசை ஒரு துளி விட்டு, ஒவ்வொரு திருகாணியின் தலைக்கும் உடலுக்கும் குறுக்கே நகச்சாயத்தால் மெல்லிய கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடு முறிந்திருந்தால் திருகாணி நகர்ந்துவிட்டது என்று அம்பை எய்யாமலே தெரிந்துவிடும்.

ஒற்றை ஊசியைச் சக்கரத்தால் ஏற்றி இறக்கும் வகை நல்லதா என்று கழகத்து இளைஞர்கள் கேட்கிறார்கள். தெரிந்த தூரத்தில், நிதானமாக எய்கிறவருக்கு அது நல்லதுதான். வளையத்துக்குள் ஒரே புள்ளி இருப்பது கண்ணுக்குப் பேரமைதி. நகரும் மானுக்கு முன்னால் சக்கரம் திருப்ப நேரம் இராது என்று மச்சான் சொல்கிறார். சரிவில் தூரத்தை மனக்கணக்கால் திருத்தி இரண்டு ஊசிகளுக்கு நடுவில் குறிவைக்கப் பழகிவிட்ட எனக்கும் நிலையான ஊசிகளே பொருந்துகின்றன.

மச்சானிடம் இந்த மூன்றாம் அச்சுக் கதையைத் தொலைபேசியில் சொன்னபோது, “நான் இருக்கிறது சமவெளி மச்சான், எனக்கு அது வேண்டியதில்லை” என்றார். நீங்கள் மரத்தில் கட்டிய மேடையிலிருந்துதானே எய்கிறீர்கள் என்று கேட்டேன். ஆறு மீற்றர் உயர மேடையிலிருந்து 20 யார் தூரத்தில் நிற்கும் மானை நோக்கினால் வில் ஏறத்தாழ 18 பாகை கீழ்நோக்கிச் சாய்கிறது, அதுவும் சரிவுதான். அவ்வளவு கிட்டத்தில் பிசகு சிறிதாகத்தான் இருக்கும். ஆனால் மானின் உயிர்நிலை ஒரு சாண் அகலத்துக்குமேல் இல்லை. இலக்குச் சாக்கில் பிசகினால் மறுபடி எய்யலாம், அங்கே பிசகினால் காயம்பட்ட விலங்கொன்று காட்டுக்குள் ஓடிச் சாகும். இதைச் சொன்னதும் அவர் சற்று நேரம் பேசவில்லை. அந்த வார இறுதியில் தன் வீட்டுக் கொல்லையில் தூக்குக்குண்டு கட்டிப் பார்த்து, குமிழி பாதியளவு ஓடுவதைப் படம் எடுத்து அனுப்பினார். திருத்திய பிறகு, பயிற்சி அம்பு முனைகளோடு நிறுத்தாமல் வேட்டை அலகு பூட்டிய அம்புகளோடும் எய்து பார்க்கச் சொன்னேன், ஏனெனில் அகன்ற அலகு காற்றைப் பிடித்து வேறிடத்தில் விழக்கூடும். அப்படி விழுந்தால் குறிகாட்டியை அல்ல, முதலில் அம்பு தாங்கியைத் திருத்த வேண்டும். அவருடைய இரண்டு வகை அம்புகளும் 30 யாரில் ஒரே தொகுதியில் விழுவதற்கு மேலும் இரண்டு வாரங்கள் ஆயின. ஒக்டோபரில் பருவம் தொடங்குவதற்கு ஒன்பது நாட்கள் எஞ்சியிருந்தன.